மூடியக்காவின் பாட்டில்

கழிவுநீர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூடியக்கா என்று பெயர். அவள் மூடிய பாட்டில்மேல் யானை உட்கார்ந்தாலும் திறக்காதாம். உட்காரத்தான் யானை கிடைக்கவில்லை.

பாட்டிலுக்குள் கறுப்புச் சேறு. அதில் சின்னதாக ஒரு மக்கும் பிளாஸ்டிக் பை. சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டுக்குடும்பம். மூத்தவர்கள் பிளாஸ்டிக்கின் நீளச் சங்கிலியைத் துண்டுதுண்டாக அறுப்பார்கள். நடுவில் உள்ளவர்கள் அதை அமிலமாக்குவார்கள். கடைக்குட்டிகள் மிச்சத்தைத் தின்று எரிவாயுவாக விடுவார்கள். காற்றுப் பட்டால் முதலில் சுருண்டு விழுவதும் கடைக்குட்டிகள்தான்.

வீட்டிலோ கதை தலைகீழ். பேருந்து ஓட்டிய புருஷனுக்கு நுரையீரல் கெட்டு, கட்டிலருகே ஆக்சிஜன் சிலிண்டர்.

"உன் புள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்பார் தினமும். பிள்ளையில்லாத வீடு அது.

"பாதிப் பை உள்ள போயிடுச்சு."

"காத்தே இல்லாம எப்படித்தான் இருக்குதுங்களோ! எனக்கும் கொஞ்சம் கத்துக் குடுக்கச் சொல்லேன்."

"வாயைக் குறைங்க, மூச்சு மிச்சமாகும்."

"அந்தப் பை தீரட்டும்டி. கேட்டுட்டுத்தான் கெளம்புவேன்."

மழை பிடித்த வாரம் அவருக்கு இழுப்பு அதிகமானது. இரவெல்லாம் கண்மூடாமல் சிலிண்டரைத் திருகித் திருகிக் காற்றுக் கொடுத்துவிட்டு அவள் வேலைக்கு வந்தாள். சேற்றில் கொஞ்சம் எடுத்துப் பார்க்க மூடியைத் திறக்கும்போது, காற்று நுழையாதபடி நைட்ரஜனை உள்ளே விடவேண்டும். பக்கத்து மேசையில் காற்று ஊதும் குழாய் கிடந்தது. பழகிப்போன கை அதை எடுத்துச் சொருகியது. சேறு குமிழியிட்டது.

"அப்பாடா, மூச்சு வருது" என்று முணுமுணுத்தாள். பிறகுதான் உறைத்தது.

அதன்பின், கடைக்குட்டிகள் விடும் வாயு ஏறும் குழாயில் அசைவே இல்லை.

"விடுங்கக்கா, புதுச் சேறு போட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றாள் ஆராய்ச்சி செய்யும் பெண்.

ஆரம்பிக்கலாம்தான். கட்டிலில் கிடப்பவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லையே.

"சாப்பிட்டாங்களா?" என்றார் வீட்டில். தீர்ந்துவிட்டது என்றால் கிளம்பிவிடுவார். செத்துவிட்டன என்றால் அப்போதே பாதி செத்துவிடுவார்.

"இன்னும் பாதி இருக்கு" என்றாள். அதில் பொய்யில்லை.

"அவசரப்படுத்தாத. மெதுவாத் திங்கட்டும்."

மழை ஓயும் முன்பே அவர் போய்விட்டார், சொன்ன சொல்லை மறந்து. பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. கழுவ வருகிறவர்களை மூடியக்கா கிட்டே விடுவதில்லை. உள்ளே அந்தப் பாதிப் பை அப்படியே கிடக்கிறது. மூடியைத்தான் அவ்வப்போது இன்னும் கொஞ்சம் இறுக்கி வைக்கிறாள்.