பெஞ்சக்காவும் முப்பத்திரண்டு பெஞ்சும்

"தூக்கணும், இழுக்கக் கூடாது. பெஞ்சு என்ன ஆட்டுக்குட்டியா, இழுத்துட்டுப் போக?"

சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடக்கிறார் பெஞ்சக்கா. கையில் ஒன்பதடிப் பெஞ்சின் ஒரு முனை. பார்வை மறுமுனையைப் பிடித்திருப்பவர் மேல். வலது காலின் கட்டைவிரல் மட்டும் தனியாக ஒரு வேலை பார்க்கிறது. கல் தளத்தைத் தடவித் தடவித் தேடுகிறது. அகப்பட்டதும் நிற்கிறார். "இறக்குங்க. மெல்ல, மெல்ல... ஆங், உட்கார்ந்துடுச்சு." பெஞ்சு முனகாமல் இறங்குகிறது. இன்னும் முப்பத்தொன்று பாக்கி.

ஊரார் வெறுமனே 'கூடம்' என்று சொல்லும் இந்தப் பிரார்த்தனைக் கூடத்தில் பிரசங்கம் கிடையாது, பாட்டு கிடையாது, முன்னால் நின்று நடத்திவைக்க ஆள் கிடையாது. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சபையார் எதிரெதிராக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பார்கள். மனத்தில் ஏதாவது தோன்றினால் எழுந்து சொல்லலாம். தோன்றாவிட்டால் பேசாமலே வீட்டுக்குப் போகலாம். மற்ற நேரமெல்லாம் கூடம் ஊருக்குச் சொந்தம். தையல்காரர் சங்கம், ரத்ததான முகாம், பாட்டு வகுப்பு, கல்யாண வரவேற்பு, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. இவற்றுக்கெல்லாம் எல்லாப் பெஞ்சும் மேடையைப் பார்க்க வேண்டும். ஆகவே வாரத்தில் இரண்டு முறையாவது முப்பத்திரண்டும் திசை மாறும். நூற்று அறுபது வருடமாக மாறி மாறி, பெஞ்சுக் கால்களின் இரும்புப் பூண்கள் கல்லைத் தின்று குழி பறித்துவிட்டன. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு குழி. ஒன்று பிரார்த்தனைக் குழி, ஒன்று ஊர்க்குழி. குழி தப்பினால் பெஞ்சு ஆடும். மௌனத்தின் நடுவே ஒரு பெஞ்சு 'டொக்' என்றால் போதும், அத்தனை தலையும் திரும்பிப் பெஞ்சக்காவைத்தான் பார்க்கும்.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த இருபத்தாறு வருடமாக, குழி தேடும் பின்முனையை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. முன்முனையை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். சொல்லப்போனால், அன்றைக்கு முதலில் வருகிறவர் பிடித்தே ஆக வேண்டும், மந்திரியே ஆனாலும். வழக்கமாக மாட்டிக்கொள்பவர் அவர் கணவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். "முப்பது வருஷம் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தவன் நான். ஒரு பெஞ்சை ரிவர்ஸ் எடுக்க விடமாட்டேங்கறா," என்று பார்ப்பவரிடமெல்லாம் புலம்புவார். பெஞ்சக்காவுக்குப் பதில் தயாராக இருக்கும்: "பஸ்ஸுக்குக் கண்ணாடி இருக்கு. இதுக்கு எங்கே இருக்கு?"

கூடத்தின் கதையைக் கேட்டால் அவர் ஆண்டு சொல்ல மாட்டார், பெஞ்சுதான் சொல்வார். கட்டியவர்கள் கல்லுடைக்கும் தொழிலாளிகள். வேலை முடிந்து வரும்போது ஆளுக்கொரு கல் தோளில் சுமந்துவந்தே சுவர் எழுப்பினார்களாம். "இதோ ஏழாவது. வெள்ளத்துல முந்நூறு குடும்பம் இங்கேதான் இருந்துச்சு. இந்தப் பெஞ்சுலதான் ஒரு பொண்ணு பொறந்தா. இப்போ பெரிய பள்ளிக்கூடத்துல தலைமை டீச்சர்! வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இதுல உட்கார்ந்துட்டுப் போவாங்க." பதினோராவதில் கறுப்பாக ஒரு வட்டம், காலரா வந்த வருடம் நர்ஸ் ஒருவர் ஊசி கொதிக்கவைத்த அடுப்பின் தழும்பு. வார்னிஷ் அடிக்க வந்தவன் அதைத் தேய்த்து எடுக்கப் போனானாம். பெஞ்சக்கா அவன் கையைத் தட்டிவிட்டார்.

இருபதாவதுக்கு வரும்போது குரல் தானாக உயரும். "சட்டைக் கம்பெனி வேலைநிறுத்தம். வாசல்ல போலீஸ். உள்ளே நூத்தி நாப்பது பொம்பளைங்க. யார் யார் இருக்காங்கன்னு அதட்டிக் கேட்டாங்க. அப்போ என் வேலையில இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? 'வந்தவங்களை யாருன்னு கேக்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க.' அவ்வளவுதான்!" அன்றிலிருந்து அது சபையின் சட்டம். புதிதாக வருகிறவர் தானாகச் சொல்கிற வரை, பெயரையோ தொழிலையோ யாரும் கேட்கக் கூடாது.

அந்தச் சட்டம்தான் போன மாதம் எல்லோரையும் கவிழ்க்கப் பார்த்தது.

கூடத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் கட்டடம் கட்டப்போவதாக நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஊருக்குப் பயன்பட்டதற்குச் சான்று இல்லாத பழைய கட்டடம் என்று அதில் எழுதியிருந்தது. அப்போதைய செயலாளர் வீட்டில் இருந்த பழைய பதிவேடுகள் அத்தனையும் அந்த வெள்ளத்தோடு போயிருந்தன. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தால் மட்டுமே கூடம் பிழைக்கும். அதற்கு அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் அரசுத் துறையின் அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும். சபையின் செயலாளர், மருந்துக்கடைக்காரர், நாற்பது புகைப்படங்களை அட்டையில் ஒட்டி, வரவேற்புரையை மனப்பாடம் செய்தார். பெஞ்சக்காவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. "சான்று இல்லையாம். அப்போ நான் இத்தனை வருஷம் தூக்கினது என்ன, காத்தையா?" என்று கணவரிடம் கேட்டார்.

அந்த ஞாயிறு பார்த்து டிரைவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. முந்தைய நாள் பாட்டு வகுப்பு. பெஞ்செல்லாம் மேடையைப் பார்த்து நின்றன. எட்டரை மணிக்குக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும், தோள்பையோடு வாசலில் வந்து நின்றார்.

"வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க. பையை அங்கே வைங்க. அந்த முனையைப் பிடிங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேச்செல்லாம் அப்புறம். பத்து மணிக்குள்ள முடியணும்," என்று அடக்கிவிட்டார் பெஞ்சக்கா. மூன்றாவது பெஞ்சில் மனிதருக்கு மூச்சு வாங்கியது. "காலையில சாப்பிட்டீங்களா இல்லையா?" ஒன்பதாவதை அவர் லேசாக இழுத்துவிட, ஆட்டுக்குட்டி வசனம் அவருக்கும் கிடைத்தது. ஏழு, பதினொன்று, இருபது என்று கதைகளும் வரிசையாக வந்தன. குழியில் கால் இறங்காத ஒரு பெஞ்சை அவர் போதும் என்று விட்டுவிடப் பார்த்தார். "என்ன தம்பி, பாதிக் கண்ணை மூடிட்டு வேலை பார்க்கறீங்க? குனிஞ்சு பாருங்க, ஒரு விரல் தள்ளி நிக்குது!" அவர் குனிந்தார். குனிந்தவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. இடுப்புப் பிடித்துவிட்டது போல, இவருக்குமா என்று பெஞ்சக்கா கவலைப்பட்டார்.

பத்து மணிக்குச் சபை கூடியது. புதியவருக்கு எல்லோரும் தலையசைத்தார்கள். யாரும் யாரென்று கேட்கவில்லை. ஒரு மணி நேரம் அவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பெஞ்சும் 'டொக்' என்று சொல்லவில்லை.

பதினொன்று அடித்தது. செயலாளர் வாசலுக்கு ஓடினார். பதினொன்றேகால். பதினொன்றரை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து அவர் சட்டைக் காலரே நனைந்துவிட்டது. "வரமாட்டாங்க. முடிவு பண்ணிட்டுத்தான் தேதியே கொடுத்திருக்காங்க," என்றார். பெஞ்சக்கா இருபதாவது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

அப்போது கண்ணாடிக்காரர் எழுந்து வந்தார். "தப்பா நினைக்காதீங்க. அதிகாரி நான்தான். நாங்க வர்ற நேரத்துக்கு எல்லா இடமும் ஜோடிச்சு வச்சிருப்பாங்க. அதான் முன்னாடியே வந்தேன். சொல்லலாம்னு பார்த்தேன், இவங்க விடல. பெஞ்சு தூக்கிட்டேன். அப்புறம் யாராவது கேப்பீங்கன்னு பார்த்தேன், யாருமே கேக்கல."

செயலாளரின் கையிலிருந்து அட்டை நழுவியது. பெஞ்சக்காவுக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அரசாங்க அதிகாரியை ஆட்டுக்குட்டி கதை சொல்லி அதட்டியாயிற்றே!

அவரோ பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். ஒரு குழியை அளந்தார். பக்கத்துக் குழியை அளந்தார். "பதிவேடு வெள்ளத்துல போச்சுன்னு எழுதியிருந்தீங்க. இதைப் பத்தி ஒரு வரி கூட எழுதலையே சார்?"

"அது... குழிதானே சார். பூசிடலாம்னு இருக்கோம்," என்று தடுமாறினார் செயலாளர்.

"ஐயையோ, பூசிடாதீங்க! கல்லுல இவ்வளவு ஆழம் விழப் பல தலைமுறை ஆகும். ரெண்டு குழியும் ஒரே ஆழம். பிரார்த்தனைக்கு எத்தனை தடவை திருப்பினீங்களோ, ஊருக்கும் அத்தனை தடவை திருப்பியிருக்கீங்க. இதை விடச் சான்று எனக்கு வேண்டாம். இடிக்கக் கூடாதுன்னுதான் எழுதப் போறேன். என் அறிக்கையை மீறி நகராட்சி கை வைக்க முடியாது."

பேசாமல் இருப்பதையே வழிபாடாக வைத்திருக்கும் சபை அன்றைக்குக் கைதட்டியது. பெஞ்சக்கா மட்டும் தட்டவில்லை. குனிந்து ஒரு குழியைத் தொட்டுப் பார்த்தார். வாரா வாரம் கால் விரல் தேடிய இடத்தில் முதல்முறையாகக் கை வைத்தார். பிறகு நிமிர்ந்து தலையை ஒரு சிலுப்பு சிலுப்பிக்கொண்டார். அந்தப் பெருமிதத்தை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த டிரைவர் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லையாம்.

"சரி சரி, ரெண்டு மணிக்கு வரவேற்பு இருக்கு. பெஞ்செல்லாம் திருப்பணும்," என்றார்.

செயலாளர் பதறிப்போய் ஓடிவந்து முதல் பெஞ்சைப் பிடித்தார். "அதிகாரியைப் போய்... நான் பிடிக்கிறேன் அக்கா."

பெஞ்சக்கா அவரை மெல்ல நகர்த்தினார். அதிகாரி காலையில் போலவே முன்முனைப் பக்கம் போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். அவரை அங்கிருந்து விலகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பெஞ்சக்கா தானே முன்முனையைப் பிடித்தார். பிறகு இருபத்தாறு வருடமாக யாருக்கும் தராத பின்முனையை அவருக்குக் கண்ணால் காட்டினார்.