அட்மிரலின் கடைசி வரி

1969 ஜூன் 12, காலை 8.40. ஹம்பேர்க்கிலிருந்து கீல் நகருக்கு ரயில் புறப்பட்டது. ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். வழியெங்கும் புல்வெளிகள், கறுப்புவெள்ளை மாடுகள். எதிலும் மனம் நிற்கவில்லை. சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது.

ஏப்ரலில் என் மகன் குமரன் கீலில் கடலில் மூழ்கி இறந்தான். வயது இருபத்துமூன்று. கப்பல் கட்டும் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். தகனத்துக்குக்கூட என்னால் வந்து சேர முடியவில்லை. அந்தக் கடிதத்தில் செய்தியை எழுதியவர் ஓய்வுபெற்ற ஆங்கிலேயக் கடற்படை அட்மிரல். திருகோணமலையில் அவர் கப்டனாக இருந்தபோது நான் அவருடைய அலுவலகத்தில் எழுத்துவேலை பார்த்த கிளாக்கர்.

10.05க்குக் கீல் நிலையம். குமரனின் அறைத்தோழன் ரவி காத்திருந்தான். அட்மிரலின் கரையோரக் கிராமத்துக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர். பஸ் கட்டணம் ஒன்றரை மார்க்.

“அட்மிரல் கிழவர் ஞாயிறிலை எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவார், ஐயா. சதுரங்கத்திலை குமரனிட்டைத் தோத்தா, அண்டைக்கு எங்களுக்குச் சின்ன இறைச்சித் துண்டுதான்” என்று சிரித்தவன் உடனே தலையைக் குனிந்தான். “குமரன் போன அண்டைக்கு நல்ல வெயில். கிழவரின்ரை பாய்ப்படகை எடுத்துக்கொண்டு போனவன். வெயில் எறிச்சாத் தண்ணியும் சூடெண்டு நினைச்சிட்டான், ஐயா. மெல்லிய சட்டையோடை போனவன்.”

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் நீந்தி வளர்ந்த பிள்ளை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

“வாரும், கிளாக்கர்” என்றார் அட்மிரல், வாசலில். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். பதின்மூன்று வயதில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தவர். போரில் கப்பல் தாழ்ந்து, அத்திலாந்திக்கில் மூன்று நாள் உயிர்காப்புப் படகில் கிடந்து பிழைத்தவர். போர் முடிந்ததும் கீல் துறைமுகத்துக்கு அதிகாரியாக வந்து, கீல் விதவை ஒருவரை மணந்தார். ஓய்வுக்குப் பின் இங்கேயே தங்கிவிட்டார்.

திருகோணமலையில் ஒரு மாலுமி இறந்தால், பெற்றோருக்குத் தன் கைப்படவே எழுதுவார். நகலை அலுவலகக் கடிதக் கோவையில் இடுவது என் வேலை. எல்லாக் கடிதங்களுக்கும் கடைசி வரி ஒன்றே: ‘அவர் வேதனைப்படவில்லை.’ கொதிகலன் வெடித்து மூன்று நாள் அலறியவனுக்கும் அதையே எழுதினார். எனக்கு வந்த கடிதமும் அப்படித்தான் முடிந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் என் மனைவி ஒரு பிடி சோறு உண்டாள். எனக்கு இறங்கவில்லை.

“சேர், கடைசி வரி உண்மையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார். “மற்றவர்களுக்கு ஓம் என்றிருப்பேன். உமக்கு அந்தக் கடிதக் கோவை தெரியும்.” “கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் இருந்தான். இந்த ஜன்னலில் நின்றுதான் கண்டேன். மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பிடியை விட்டுவிட்டான். படகை எடுத்துப் போகச் சொன்னதும் நான்தான்.”

“கூப்பிட்டானா?”

“கூப்பிட்டான். தமிழில்.”

நான் எழுந்து விடைபெற்றேன்.

பிற்பகல் 4.15 பஸ்ஸுக்கு முன் இறங்குதுறையில் குனிந்து தண்ணீரில் கையை வைத்தேன். அன்றும் நல்ல வெயில்தான். விரல்கள் விறைத்தன. எங்கள் கடல் இப்படி ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

கீல் நிலையத்தில் தபாலட்டை ஒன்று வாங்கி மனைவிக்கு எழுதினேன்: ‘அட்மிரலைக் கண்டேன். பிள்ளை வேதனைப்படவில்லை. நேரிலும் அதையே சொன்னார்.’

அவள் போன தையில் காலமானாள். அதுவரை அந்த அட்டை அவள் தலையணையின் கீழ் இருந்தது. எனக்கு அப்படி எழுத ஒருவரும் இல்லை.