பூட்ஸுக்குத் தடவிய டயர் பேஸ்ட்

உப்பு ஏற்றுகிற வண்டிக்கு டயர் சீக்கிரம் சாவதில்லை, ரிம்தான் சாகும். என்னுடைய சின்ன லோடு வண்டி மரக்காணம் உப்பளத்து மண்பாதையில் தினம் நாலு நடை ஓடும். மூட்டையிலிருந்து கசிகிற தண்ணீர் ரிம்மின் ஓரத்தில் தங்கித் துருவாகிவிடும். டயர் உட்காருகிற விளிம்பு பொருக்குத் தட்டிப்போனால் காற்று நிற்காது. பஞ்சர் கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே, "வந்துட்டாருப்பா உப்புக்காரரு, தரையெல்லாம் துருவக் கொட்டிட்டுப் போவாரு" என்பார். அந்தப் பேச்சுக்குப் பயந்தே வீட்டு வாசலில் நானே டயரைக் கழற்றி மாட்டப் பழகிக்கொண்டேன்.

டயர் வழுக்கி ரிம்மில் ஏறுவதற்கு முதலில் சோப்புத் தண்ணீர்தான் தடவினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்கவில்லை, துரு இன்னும் அதிகமானது. பெருமுக்கல்லைச் சேர்ந்த லாரி டிரைவர் ஒருவர் சொல்லித் திண்டிவனத்தில் டயர் பேஸ்ட் வாங்கினேன். டப்பாவைத் திறந்தால் வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். டயரின் உள்விளிம்பில் பிரஷ்ஷால் தடவி, லீவரால் ஒரு நெம்பு நெம்பினால் ரப்பர் இரும்பின்மேல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். டப்பாவைச் சுற்றி இங்கிலீஷில் என்னென்னவோ எழுதியிருந்தது. நான் ஏழாவதோடு நின்றவன். எழுத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

காற்று ஏற்றும்போதுதான் எனக்கு உயிர் போய் உயிர் வரும். டயர் வெடித்து முகம் போன ஆள் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கம்ப்ரஸரைப் போடும் முன் என் மனைவியை வீட்டுக்குள் போகச் சொல்லிக் கதவைச் சாத்துவேன். சாத்திவிட்டேனா என்று மறுபடி போய்த் தள்ளிப் பார்ப்பேன்.

"நீ மட்டும் இன்னா இரும்புலயா செஞ்சிருக்க?" என்று உள்ளிருந்து கத்துவாள்.

அவள் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். வருஷக்கணக்காக உப்புப் பாத்தித் தண்ணீரில் நின்று பாதமெல்லாம் வெடிப்பு. போன வருஷம் சுகர் இருப்பது தெரிந்தது. காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா அனுப்பினார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உப்பளத்துப் பெண்களுக்கு யாரோ தர்மமாகக் கொடுத்த ரப்பர் பூட்ஸ் வீட்டில் ஒரு ஜோடி கிடந்தது. முழங்கால் வரை வரும். கனமாக இருக்கிறது, வேர்க்கிறது என்று எல்லாரும் தூக்கிப்போட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. பூட்ஸ் போடாமல் பாத்தியில் இறங்கக் கூடாது என்று தினம் காலையில் சண்டை பிடித்தேன்.

அவளுக்கோ கால் வீங்கியிருந்தது. பூட்ஸ் பாதியில் நின்றுவிடும். ஒருநாள் வாசலில் நான் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் அவள் பூட்ஸோடு மல்லுக்கட்டினாள்.

"யோவ், அவ்ளோ பெரிய டயர மாட்டுற. இத மாட்டி வுடமாட்டியா?"

சிரிப்புக்குத்தான் சொன்னாள். நான்தான் பேஸ்ட் பிரஷ்ஷை எடுத்தேன். குதிகாலிலும் விரல் சந்திலும் பூட்ஸின் உள்பக்கத்திலும் நன்றாகத் தடவி ஒரே தள்ளு. வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவள் எழுந்து நின்று தொப்பு தொப்பென்று நடந்து காட்டினாள். எனக்கு அன்றைக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம் தினமும் விடியுமுன் இருட்டிலேயே தடவி மாட்டிவிடுவேன்; சாயந்திரம் அவளே கழற்றிக்கொள்வாள். உப்பு வாரும் பெண்களுக்கும் தெரிந்துபோனது. மூட்டை ஏற்ற நான் போனால், "இன்னாண்ணா, அண்ணி காலுக்குக் காத்து புடிச்சாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

மூன்று வாரம் இருக்கும். தினமும் சாயந்திரம் அவளிடம் வலிக்கிறதா என்று கேட்பேன். "வலியே இல்லய்யா" என்பாள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். சுகர்காரர்களுக்குக் காலில் வலி தெரியாமல் போவதும் வியாதிதான் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நாலு டயருக்கும் வால்வில் எச்சில் தொட்டுவைத்துக் குமிழி வருகிறதா என்று தினம் பார்த்த நான், அவள் விரல் சந்தை ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை.

நாற்றம்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒரு சாயந்திரம் நானே பூட்ஸை இழுத்ததும் இடது காலிலிருந்து கலங்கிய தண்ணீர் கொட்டியது. பாதம் முழுக்க ஊறி வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "இன்னாயா அப்படிப் பாக்குற?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"கால்ல என்னம்மா தடவுனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "தேங்காண்ணெதாங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். சொன்னால் போலீஸ் வருமோ என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் தப்பான மருந்து கொடுத்து முழுக் காலையும் எடுத்துவிடுவார்களோ என்று இன்னொரு பயம். திரும்பிப் போய், "டயருக்குத் தடவுற பேஸ்ட்டுங்க. நான்தான் தடவுனேன்" என்றேன்.

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "அந்த டப்பாவ எடுத்துட்டு வாங்க" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய் டப்பாவோடு வந்தேன். என்னால் படிக்க முடியாத எழுத்தையெல்லாம் அவர் நின்றுகொண்டே படித்தார். அதில் இருக்கிற சோப்பும் பாத்தியின் உப்பும் வேர்வையும் பூட்ஸுக்குள் சேர்ந்து தோலை அரித்திருக்கிறது என்றார். வெறும் பூட்ஸ் போட்டு, சாயந்திரம் காலைத் துடைத்திருந்தால்கூட இவ்வளவு தூரம் வந்திருக்காதாம்.

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். மீதிப் பாதம் நிற்குமா, அதையும் எடுக்க வேண்டுமா என்று பத்து நாள் போனால்தான் தெரியும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. விரல் போனதற்கு என்று நினைத்தேன். அதற்கில்லை.

"எதுக்குய்யா உண்மைய சொன்ன? வார்டுல எல்லாரும் உன்னத்தான் வேடிக்க பாக்குறாளுங்க. நாந்தான மாட்டச் சொன்னேன்."

பாதம் நின்றது. ஆனால் இனிமேல் உப்புத் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

இப்போது தினமும் காலையில் அவள் காலை என் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலையும் விரித்து, டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து பார்ப்பேன்.

"மூணுதான்யா இருக்குது. எத்தினி வாட்டி எண்ணுவ?" என்கிறாள்.

நான் அவளுடைய இன்னொரு காலை எடுத்து மடியில் வைக்கச் சொல்கிறேன்.