பத்து நாள் என்று நான் சொன்னது

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனாலும் எழுத்து என்றால் பைத்தியம். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்த புதிதில், பஸ் ஸ்டாண்டில் கர்நாடகா வண்டிகளின் போர்டைப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து தலையில் ஒரு சின்னக் குடுமி. கண்டக்டர்களிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பால் பாக்கெட், பீடிக்கட்டு, சுவர் விளம்பரம், எதையும் விடவில்லை. பேச்சு, மிஷினில் கூட நின்ற கன்னடக்காரர்களிடமிருந்து வந்தது.

"போர்டு படிச்சா சம்பளம் கூடுதாக்கும்?" என்பாள் என் மனைவி.

கூடவில்லை.

மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ராயக்கோட்டை. அங்கிருந்து தக்காளி எடுத்து வந்து தெருவில் விற்பாள். கன்னடம் தெரியாது. அவள் புருஷன் எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். லீவு போட்டால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் வந்து நின்றான்.

"அண்ணா, அவளுக்கு இடது கண்ணு பத்து நாளா சரியில்ல. பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. உனக்குத்தான் அந்த பாஷை வருமே, கூட்டிட்டுப் போறியா?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவள் கண்ணுக்காக இல்லை. பேச ஒரு இடம் கிடைத்ததே என்று.

வார லீவு அன்று போனோம். டாக்டரம்மா கன்னடத்தில் கேட்டார். எத்தனை நாளாக? பத்து நாளாக என்றேன். எப்படித் தெரிகிறது? மங்கலாக என்றேன். வலி உண்டா? இல்லை என்றேன். எல்லாம் நானே. எந்த ஊர், நன்றாகப் பேசுகிறீர்களே என்று அந்தம்மா சிரித்தார். எனக்குக் கால் தரையில் இல்லை. சொட்டு மருந்து எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

ஸ்டாப்பில் நின்றபோது எங்கள் ஊர்ப் பக்கம் போகும் அத்திப்பள்ளி வண்டி வந்தது. போர்டைச் சத்தமாகப் படித்தேன்.

"அது கெடக்கட்டும்ணா. அந்தம்மா என்னா கேட்டாங்க? நீ என்னா சொன்ன?"

சொன்னேன்.

"பத்து நாளா? யாரு சொன்னது?"

"உன் வீட்டுக்காரன்தாம்மா."

"அவருகிட்ட சொன்னதே பத்து நாள் முன்னாடிதான். லீவு போட்டுட்டு நிப்பாருன்னு மறைச்சேன். ஒரு மாசமாவுதுண்ணா. மங்கல் இல்ல. ஓரத்துல இருந்து கறுப்பா திரை எறங்குது. இப்ப அந்தக் கண்ணுக்கு உன் மூஞ்சி பாதிதான் தெரியுது."

"இதை அங்கயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ எங்க கேட்ட? நீயும் அந்தம்மாவும் சம்பந்தி மாதிரி பேசிட்டிருந்தீங்க."

அத்திப்பள்ளி வண்டி போய்விட்டது. திரும்பி நடந்தோம். சீட்டு கொடுக்கும் ஜன்னலை மூடிவிட்டார்கள். காவலாளியிடம் கெஞ்சினேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கன்னடத்தில் சொல்வது கஷ்டமாக இருந்தது. அந்த வார்த்தைகளை அதற்கு முன் நான் சேர்த்துச் சொன்னதே இல்லை.

கடைசியில் உள்ளே விட்டார். சாப்பிடக் கிளம்பிய டாக்டரம்மா மறுபடி உட்கார்ந்தார். திரை என்றதும் அவர் முகம் மாறியது. மருந்து விட்டுக் கண்ணை விரித்துப் பார்த்தார். உள்ளே ஜவ்வு கிழிந்து பிரிந்திருக்கிறது, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் கண்ணே போயிருக்கும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீவு ஹேளபேடி. அவரு ஹேளித்தன்ன ஹேளி."

நீங்கள் சொல்லாதீர்கள், அவர் சொன்னதைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். இதை அவளுக்கு அப்படியே தமிழில் சொன்னேன். அன்று நான் ஒழுங்காகச் சொன்னது அதுதான் முதல்.

அந்த வாரமே ஆபரேஷன். பார்வை முக்கால்வாசி திரும்பியது. மீதி வரவில்லை. அந்தக் கால்வாசி எனக்குப் பல வருஷம் உறுத்தியது. அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தக்காளி கொடுக்கும்போது மட்டும், "எண்ணிப் பாத்துக்கண்ணா, உன் கணக்கு எனக்குத் தெரியும்" என்பாள்.

அதற்குப் பிறகு வார லீவுகளில் யாரையாவது கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவேன். கண்ணுக்கு, இருதயத்துக்கு, பிரசவத்துக்குக்கூட. மனைவி சம்பளத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். சோறு கட்டிக் கொடுத்தாள்.

அதற்கெல்லாம் முன்னால், ஆபரேஷன் முடிந்து இவளை மறுபடி காட்டப் போனபோது, சீட்டு எழுதுகிற ஆள் எந்த ஊர் என்று கேட்டார். நான் அவள் பக்கம் திரும்பி, "எந்த ஊருன்னு கேக்குறாரும்மா" என்றேன்.

"ஏண்ணா, உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லு."

"ராயக்கோட்டை" என்றாள்.

ராயக்கோட்டை என்றேன்.