பவுடர் படிந்த கை

11.9.2018 – கைது, இருவர்.
4.2.2019 – மாரிக்கண்ணன்: அபராதம் ரூ.5,000.
19.6.2019 – சுடலை: ஆறு மாதச் சிறை, அபராதம் ரூ.1,000.
8.3.2021 – சுடலை, மறுபடி கைது.
27.9.2022 – சுடலை: பத்து ஆண்டுச் சிறை, அபராதம் ரூ.1,00,000.

இருவரும் விஸ்வநத்தத்துக்காரர்கள், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். தீபாவளி சீசனில் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் லைசென்ஸ் இல்லாமல் வெடி செய்தார்கள். விருதுநகரில் மனு எழுதிப் பிழைக்கும் நான் இரண்டு வழக்கின் தாள்களையும் படித்திருக்கிறேன். இங்கே எழுதுவது மாரிக்கண்ணனைப் பற்றி. ஜெயிலுக்குப் போகாதவன் அவன்.

செய்த வெடியைத் திருத்தங்கலுக்கு பைக்கில் கொண்டுபோவதற்கு இருவரும் முறை வைத்திருந்தார்கள். யாருக்கு முறையோ அவன் இரண்டு நாளுக்கு வெடிமருந்தைத் தொடக்கூடாது. அலுமினியப் பவுடர் ஒட்டினால் சோப்புக்கும் லேசில் போகாது. ரோட்டில் நிறுத்துகிற போலீஸ் முதலில் கையை விரிக்கச் சொல்லும்.

அன்று மாரிக்கண்ணனின் முறை. காலையில் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர், திருத்தங்கல் ரோட்டில் சோதனை நடக்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மாரிக்கண்ணன் கொட்டகைக்குத் திரும்பினான். பவுடர் டப்பாவைத் திறந்து இரண்டு கையையும் மணிக்கட்டு வரை உள்ளே விட்டான். சித்தப்பா மகன் கல்யாணத்துக்குப் போயிருந்த சுடலை அப்போதுதான் வந்தான். அவன் கை சுத்தமாக இருந்தது.

"என்னலே மாப்ளே, இன்னைக்கு நீதான வண்டி? கைய இப்படி வச்சுக்கிட்டு எங்கன போவ?"

"மறந்துட்டேன்டா."

"கட்டுன பொண்டாட்டி பேராவது ஞாபகம் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே சுடலை மூட்டையை வண்டியில் கட்டினான்.

மாரிக்கண்ணன் சோதனையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சுடலை ரோட்டில் பிடிபட்டான். கூட்டாளியின் பெயரை அவன் சொல்லவில்லை. ஆனால் வண்டி மாரிக்கண்ணன் பேரில் இருந்ததால் சாயங்காலம் போலீஸ் கொட்டகைக்கு வந்துவிட்டது. பிடிபட்ட இடம் வேறு என்பதால் ஸ்டேஷன் வேறானது, கோர்ட்டும் வேறானது. சட்டப்படி வெடி செய்வதுதான் பெரிய குற்றம், கொண்டுபோவது அதைவிடச் சிறியது. மாரிக்கண்ணன் நின்ற கோர்ட், முதல் குற்றம் என்று அபராதத்தோடு விட்டது. சுடலை நின்ற கோர்ட்டில் அந்த வாரம்தான் வேறொரு வெடிவிபத்து வழக்கு முடிந்திருந்தது. அங்கே யாருக்கும் இரக்கம் மிச்சமில்லை.

அபராதம் கட்டிய மாரிக்கண்ணன் லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனியில் லோடுமேனாகச் சேர்ந்தான். டிசம்பரில் சுடலை வெளியே வந்ததும் அவனையும் அங்கேயே அழைத்துப்போனான். மேனேஜர் கேட்டது ஒரே கேள்விதான்: ஜெயிலுக்குப் போனதுண்டா? சுடலை உண்டு என்றான். ஜெயிலுக்குப் போனவனை உள்ளே விட்டால் நாளைக்கு லைசென்ஸுக்கே கேள்வி வரும் என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார். நானும் அதே கேஸ்தான் சார் என்று சொல்ல மாரிக்கண்ணன் வாயெடுத்தான். சொல்லவில்லை.

அடுத்து ஊரடங்கு வந்தது. யாருக்கும் வேலை இல்லை. ஜெயிலில் பக்கத்தில் படுத்திருந்த ஒரு கஞ்சா வியாபாரி சுடலையைத் தேடி வந்தான். அவன் தந்ததும் அதே வேலைதான், மூட்டையைக் கொண்டுபோவது. இரண்டாவது கைது அப்படி வந்தது.

அதன் பிறகு சுடலையின் மனைவி சண்முகத்தாய் வீட்டுக்கு மாதாமாதம் அரிசி போடுவது மாரிக்கண்ணன்தான். கூரை மாற்றியதும் அவன். அவள் ஊரெல்லாம் அவனைப் புகழ்ந்தாள். ஒவ்வொரு புகழுக்கும் அவன் இளைத்தான். ஜெயிலுக்குக் கடிதம் எழுத என்னிடம் வருவான். பாதியில் பவுடர் விஷயத்தைச் சொல்வான். நான் எழுதியதும், "அத மட்டும் அடிச்சிருங்கய்யா" என்பான். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதித் தருவேன்.

போன கார்த்திகையில் ஓவியாவுக்கு, அதாவது சுடலையின் மகளுக்கு, மாப்பிள்ளை அமைந்தது. தைக் கடைசியில் கல்யாணம். சண்முகத்தாய்க்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. அவள் மாரிக்கண்ணனிடம் வந்து சொன்னாள்: "தாய்மாமன் எடத்துல நீகதாண்ணே நிக்கணும். மால நீகதான் போடணும்."

மறுநாள் காலையிலேயே அவன் என் மேசைக்கு வந்துவிட்டான். அவளை ஏமாற்றி அந்த இடத்தில் நிற்க முடியாது என்றான். இந்தத் தடவை எதையும் அடிக்கச் சொல்லவில்லை. டீக்கடை, டப்பா, மேனேஜர், எல்லாம் எழுதினேன். நிற்கவா வேண்டாமா, அவளிடம் சொல்லவா என்று முடித்தோம். பதில் வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று என் முகவரியைக் கொடுத்தான்.

பதில் வந்ததும் ஆள் அனுப்பினேன். மாரிக்கண்ணன் வந்து நின்றபடியே கேட்டான். நான் வாசித்தேன்:

"மாப்ளே, மாலைய நீயே போடு. சண்முகத்தாய்ட்ட ஒண்ணும் சொல்லாத. சொன்னா அந்த அரிசிய அவ தொடமாட்டா. அவளுக்கு வேற அண்ணனும் கெடையாது. இனிமே எனக்கு லெட்டர் போடாத."

"திட்டி ஒண்ணும் எழுதலையாங்கய்யா?" என்றான்.

இல்லை என்றேன். தாளை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அங்கே சிறையின் முத்திரை மட்டும் இருந்தது. கல்யாணத்தில் அவன்தான் மாலை போட்டான். சண்முகத்தாய் அவன் காலில் விழப்போனபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றான். வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

சுடலையிடமிருந்து வேறு கடிதம் இல்லை. அந்தக் கடிதம் வந்தது 23.1.2024, செவ்வாய்க்கிழமை.