திருவிருந்துக்கு எழுந்து போகலாமா

அண்ணா, என் கேள்வியில் பாதியை நீங்கள் விழுங்கிவிட்டீர்கள். தெரிந்தே விழுங்கினீர்கள்.

காலேஜ், யுனிவர்சிட்டியில் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை சாயங்காலம் இணையத்தில் ஆலோசனை சொல்கிறவர் நீங்கள். நேரில் பார்த்தே இராதவர்களும் உங்களை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். கழக்கூட்டத்தில் என் காலேஜ் ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒரு வாரம்கூட விடாமல் கேட்டேன். காதல், பரீட்சை பயம், ஐ.டி. வேலை, எதுவானாலும் நேராகப் பதில் சொல்வீர்கள். அந்த நம்பிக்கையில்தான் எழுதினேன்.

எனக்குச் சொந்த ஊர் பொன்முடி மலை. அப்பாவுக்குத் தேயிலை எஸ்டேட்டில் வேலை, வீடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால், அப்பமும் திராட்சரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்து போகமாட்டார்கள். அதனால் எந்த வீட்டில் என்ன சண்டை என்பது மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் தெரிந்துவிடும். "பாரு, உக்காந்தே இருக்கான். தண்ணி பைப் சண்டை இன்னும் தீரல" என்று அப்பா என் காதில் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் அவரே பக்கத்து லயத்துக்காரரோடு சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிவதற்குள் அந்த ஆள் எழுந்து வந்து கையை நீட்டி, "வாடே, போலாம்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்தே போய் முழங்கால் போட்டார்கள்.

திடப்படுத்தல் ஆகி, திருவிருந்து வாங்கத் தொடங்கிய பிறகு நான் எப்போதும் அப்பா பக்கத்தில்தான் முழங்கால் போடுவேன். கொழுந்துக் கறை அவர் விரல்களில் சோப்புக்கும் போகாது. அந்தக் கறுத்த கையில் அப்பம் வெள்ளையாகத் தெரியும். இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது எஸ்டேட் ஜீப்பில் கொண்டைஊசி வளைவெல்லாம் இறக்கிக் கொண்டுவந்தார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஜெபித்துக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை, உயிரோடு வந்து சேரட்டும் என்றுதான் கேட்டேன். ஜீப் வந்தது. அவர் உயிரோடு இல்லை.

அன்றிலிருந்து எனக்குக் கடவுளோடு மனஸ்தாபம். இங்கே நகரத்துத் தமிழ்ச் சபையில் முதல் ஞாயிறு வரிசை எழும்பும்போது முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். திராட்சரசத்தின் வாசனை என் இருக்கை வரைக்கும் வரும். போகவேண்டும் என்று அப்படி ஒரு ஆசை. பசி மாதிரிதான், வேறு எப்படிச் சொல்ல.

அதைத்தான் கேட்டேன். மனுஷனோடு சண்டை என்றால் கைகொடுத்துத் தீர்க்கலாம், கடவுளோடு சண்டை என்றால் யார் யாருக்குக் கை நீட்டுவது? கோபம் தீராமலே நான் பந்திக்குப் போகலாமா, கூடாதா?

நீங்கள் வாசித்தது என்ன? "தகப்பனை இழந்த ஒரு சகோதரி. அவர்களுக்காக ஜெபிப்போம்." கேள்வியை ஜெபக்குறிப்பு ஆக்கிவிட்டீர்கள். நம் ஆட்களுக்கு இது கைவந்த வேலை. திரை முழுக்க ஆமென், கும்பிடும் கைகள். அடுத்து, சினிமா பார்க்கலாமா என்று ஒருவன் கேட்டதற்கு விளக்கமாகப் பதில் சொன்னீர்கள். என் அறைத்தோழி மலையாளி, கோயிலுக்குப் போகிறவள். "எடீ, நீ கேள்விதானே கேட்டே? அதுக்கு எதுக்கு ஆமென்?" என்றாள்.

பிறகு உங்கள் குழுவிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். நல்ல மனசுக்காரர், அழக்கூடச் செய்தார். தனியாக வந்து பேசச் சொன்னார். பதிலை எல்லார் முன்னாலும் ஏன் சொல்லக்கூடாது என்று கேட்டேன்.

"மோளே, அப்படிப் பேசினா சின்னப் பிள்ளைங்க குழம்பிடும்."

"அந்தச் சின்னப் பிள்ளைல நானும் ஒருத்திதான், அக்கா."

அவர் எனக்காக ஜெபிப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

என்னைப்போல உட்கார்ந்தே இருக்கிறவர்கள் உங்களைக் கேட்கிறவர்களில் இன்னும் இருப்பார்கள். அவர்களும் தனியாகத்தான் வரவேண்டுமா? எனக்குத் தனிப் பதில் வேண்டாம். வரும் சனிக்கிழமை என் கேள்வியை முழுசாக வாசியுங்கள். போகலாம் என்று சொல்லுங்கள், அல்லது கூடாது என்று சொல்லுங்கள். தெரியாது என்றால் அதையும் அங்கேயே, எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள், அண்ணா.