மலை இறங்காத சீக்கு

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் என்னைப் பற்றி ஆளுக்கொரு கருத்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறது என்றார் கங்காணி வீட்டு அத்தை. போகிற வழியில் எதையோ மிதித்துவிட்டது என்றார் கோயில் பூசாரி. வயிற்றில் பூச்சி என்று சொல்லி, தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர் நாங்கள் போகும்போதெல்லாம் பூச்சி மருந்து கொடுத்தார். ஒரு பூச்சியும் வரவில்லை. எல்லாரும் சொன்னது தப்பு. ஒருவரும் பிறகு வந்து தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்கு இருந்த சீக்கு இதுதான். சில நாள் காலையில் என்னை எழுப்ப முடியாது. உடம்பு சில்லென்று வியர்த்திருக்கும். கைகால் வெட்டி இழுக்கும். அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை போட்ட தேநீரை ஊற்றுவார். சற்று நேரத்தில் கண் திறந்துவிடுவேன். புகழ் முழுவதும் திருநீற்றுக்குப் போய்விடும். தேநீரை யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. தேயிலைத் தோட்டத்தில் தேநீரை யார் மதிப்பார்கள்?

மற்ற நாள்களில் ஓடி விளையாடுவேன். கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை. பையன்கள் தவக்களை என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களை அடித்தேன்.

அம்மா எல்லாருடைய கருத்தையும் கேட்டுக்கொள்வார். எதையும் நம்பமாட்டார். காரணம் எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கியது. எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். நான் பார்த்ததில்லை, படம் மட்டும்தான் தெரியும். காய்ச்சலில் சாப்பிடாமல் படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. அப்போதும் தோட்டத்தில் ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள். அப்போது அம்மா நம்பினார். இரண்டாவது பிள்ளைக்கும் அப்படி நம்பிக்கொண்டு இருக்க அவர் தயாராக இல்லை.

அதனால் ஈப்போவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு தடவை இல்லை, பல தடவை. ரத்தம் எடுக்க வேண்டும், பிள்ளையை வெறும் வயிற்றோடு கூட்டி வாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியனுப்பினார்கள். அப்பாவின் தம்பி திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டினார். விடியற்காலையில் வந்து எங்களை ஏற்றிக்கொள்வார். அப்பா பின்னால் முட்டைக்கோஸ் கூடைகளோடு உட்காருவார். முன்னால் சித்தப்பா, நான், ஜன்னலோரம் அம்மா. மலைப்பாதையின் வளைவுகள் அம்மாவுக்கு ஆகாது. லோரி நகர்ந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டால் அடிவாரம் வந்த பிறகுதான் எடுப்பார்.

ரிங்லெட்டில் கயிறு சரிபார்க்கிற சாக்கில் சித்தப்பா லோரியை நிறுத்துவார். அதற்குள் எனக்குத் தலை தொங்கியிருக்கும். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பாய் கடைக்குள் போவார்.

"பாய், சூடு ஆத்தி ஒரு டீ. டின்பால் நல்லா ஊத்துங்க."

"என்னப்பா, புள்ள மொகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"அதான் பாய். பட்டினியா கூட்டிட்டு வரணுமாம். இந்தப் பச்சப்புள்ளய. படிச்சவனுங்களுக்கு மண்டைல ஒண்ணும் இல்ல லா."

ஒரு கிளாஸில் தெளிவேன், இரண்டாவது கிளாஸ் கேட்பேன். வாங்கிக் கொடுத்துவிட்டு என் வாயைத் தன் சட்டையாலேயே துடைப்பார். "ஒங்கம்மாகிட்ட சொல்லிராத. சொன்னா என் தோல உரிச்சுத் தொங்கவிட்டுரும்."

ஈப்போவில் இறங்கும்போது நான் குதித்துக்கொண்டிருப்பேன். ரத்தம் எடுப்பார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பார்கள். ஒரு டாக்டர் என் கைகாலைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒழுங்காகச் சோறு போடுகிறீர்களா என்று மலாயில் கேட்டார். கொழுந்து எடுத்து வந்த பிறகு, தான் குளிக்கும் முன்னால் எனக்குச் சோறு ஊட்டுகிறவர் என் அம்மா. அவரைப் பார்த்து அப்படிக் கேட்டார். அப்பா ஏதோ முனகினார். திரும்பி வரும்போது, மலை ஏறும் முன் தாப்பாவில், சித்தப்பா அம்மாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கான்னு சொல்றாங்களே அண்ணி," என்றார் சித்தப்பா. "ஒண்ணுமில்லன்னா சந்தோசப்படணும் லா."

"அவனுக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க," என்றார் அம்மா.

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது ஒரு புது டாக்டர் இருந்தார். முக்காடு போட்ட இளம் மலாய்க்காரப் பெண். என் வயிற்றை வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, ஒன்றும் கொடுக்கவில்லை டாக்டர், வெறும் வயிறு என்றார். டாக்டர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. கேள்வி எனக்குத்தான். அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பெருமையில் தமிழில் பெரிய குரலில் சொன்னேன்.

"டீ. ரெண்டு கிளாஸ். ரெண்டாவதுல பால் கம்மி."

கதவோரம் நின்ற சித்தப்பா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னதாக ஆனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எத்தன நாளா இது நடக்குது?" என்று அம்மா அவரிடம் கேட்டார்.

"எப்பவுமே," என்று அவருக்காக நான் பதில் சொன்னேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் மலாயில் டாக்டருக்குச் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. சித்தப்பா அந்தத் தேநீரைக் கொடுக்காமல் இருந்திருந்தால் பிள்ளை இங்கே வந்து சேராமலே போயிருக்கலாம் என்றார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தேநீர் சீக்கை வழியிலேயே மறைத்துவிடுகிறது, அது வெளியே வருகிற நேரத்தில் தான் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அன்றே என்னை வார்டில் சேர்த்தார்கள். மாலையில் சாப்பாடு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான்.

காலையில் ரொட்டியும் முட்டையும் வைத்த தள்ளுவண்டி என் கட்டிலைத் தாண்டிப் போனது. மிஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் வந்து விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றார். நான் கத்தினேன். அம்மாவைப் பேய் என்றேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கேட்டுத் தெரிந்த அத்தனை வார்த்தைகளையும் அம்மா மேல் வீசினேன். உதைத்தேன். அம்மா என் இரண்டு காலையும் மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எவ்வளவு கேட்டும் ஒரு துண்டு ரொட்டி கொடுக்கவில்லை. பிறகு என் கை நடுங்க ஆரம்பித்தது. திட்டக்கூட வாய் வரவில்லை. டாக்டர் ஓடிவந்து ரத்தம் எடுத்தார். எடுத்த கையோடு நரம்பு வழியாகச் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினார்கள். கண்ணைத் திறந்தபோது அம்மா டாக்டர் கையிலிருந்த சின்ன ரத்தக் குழாயைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பதில் வரச் சில வாரங்கள் ஆயின. சீக்குக்கு நீளமான பெயர் வைத்திருந்தார்கள். அப்பா கடைசிவரை அதை முழுதாகச் சொன்னதில்லை. எல்லாருடைய ஈரலும் சாப்பிட்டதில் கொஞ்சம் சர்க்கரையைச் சேர்த்து வைத்து, பசிக்கிற நேரத்தில் திறந்துவிடுமாம். என்னுடையது சேர்த்து வைக்கும், திறக்கத் தெரியாது. அதனால்தான் அந்தப் பானை வயிறு. பிறவியிலேயே வருவது, ஒரே வீட்டில் இன்னொரு பிள்ளைக்கும் இருக்கலாம் என்றார் டாக்டர். அம்மா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

மருந்து என்ன தெரியுமா? சோளமாவு. கடையில் விற்கிற சாதாரணச் சோளமாவு. படுக்கும் முன் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால், அது மெதுவாகச் செரித்து விடியும் வரை சர்க்கரையைக் கொடுத்துக்கொண்டே இருக்குமாம். காய்ச்சக்கூடாது, காய்ச்சினால் பலனில்லை என்று டாக்டர் அம்மாவிடம் சத்தியம் வாங்காத குறை.

"பச்ச மாவா?" என்றார் ரிங்லெட் பாய், பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே. "போஸ்டர் ஒட்டவா?"

"மருந்து பாய்," என்றார் சித்தப்பா. தானே டாக்டர் என்பது போல நிமிர்ந்து நின்றார்.

சுண்ணாம்புத் தண்ணீரைப் போல இருக்கும். மாவு உடனே அடியில் தங்கிவிடும். அதனால் நான் குடித்து முடிக்கும் வரை அம்மா பக்கத்தில் நின்று கரண்டியால் கலக்கிக்கொண்டே இருப்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே குடித்தேன். ஆனால் காலையில் எழுந்தேன். மறுநாளும் எழுந்தேன். கங்காணி வீட்டு அத்தை, வயிற்றுக் கோளாறு என்று தனக்கு அப்போதே தெரியும் என்றார்.

அந்த வருஷம் அண்ணன் இறந்த நாளுக்குப் படையல் போட்டோம். படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, சோறு, கோழிக்குழம்பு, அவனுக்குப் பிடித்த வாழைப்பழப் பலகாரம் எல்லாம் வைத்தார்கள். சித்தப்பா சாம்பிராணி போட்டார். கும்பிடப் போகும் நேரத்தில் அம்மா அடுப்படிக்குப் போய், ஒரு தம்ளரில் மாவைக் கரைத்துக்கொண்டு வந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு நல்ல சாப்பாட்டுக்கு நடுவில் அந்தக் கருமத்தை ஏன் வைக்க வேண்டும்?

"அவனுக்குத்தான் ஒண்ணுமில்லயேம்மா," என்றேன். "அவனுக்கு எதுக்கு மாவு?"

சித்தப்பா வெளியே போய் லோரியில் கயிறு கட்டினார். லோரியில் சரக்கே இல்லை. தம்ளரில் மாவு அடியில் தங்க ஆரம்பித்தது. அம்மா குனிந்து கரண்டியால் இன்னொரு முறை கலக்கிவிட்டார். வீணாகப் போகிற மாவை ஏன் இப்படிப் போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.